உப்புக்கிடங்குத் தெருவின் நீளம்

மெட்ரோ ஸ்டேஷன் திறந்த பிறகு எங்கள் உப்புக்கிடங்குத் தெருவில் எந்த வீட்டிலிருந்து குடித்தனம் கிளம்பினாலும், தெருமுனையில் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி மெயின் ரோட்டில் திரும்பி மறைந்த மறுநாள் காலைக்குள் அந்த வீடும் இல்லாமல் போய்விடும். இடியாது, எரியாது, சத்தம்கூட வராது. பஸ் சீட்டில் நடுவில் இருந்தவர் எழுந்து இறங்கியதும் இரண்டு பக்கம் இருப்பவர்களும் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்களே, அதுபோல இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தெரு ஒரு வீட்டு அகலம் குறையும். தெருமுனையில் இருக்கிற ஸ்டேஷன் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு வீட்டு அகலம் கிட்டே வரும்.

முதலில் போனது டெய்லர் காதர் பாஷா குடும்பம். வாடகை ஏறியது, அவர்கள் மகள் வீட்டோடு மாதவரம் பக்கம் போனார்கள். மறுநாள் பால் பாக்கெட் போடுகிற தணிகாசலம் கையில் பாக்கெட்டோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"யக்கா, பாய் வூடு எங்க?"

"காலி பண்ணிட்டாங்கப்பா, நேத்துதான்."

"ஆளுங்க காலி பண்ணாங்க, சரி. வூடு எங்க?"

"அதான் சொல்றேனே, காலி."

தணிகாசலம் இன்னும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு, "அப்ப இந்தப் பாக்கெட்ட நீ எடுத்துக்கிறியா?" என்றான். நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த கவலையெல்லாம் தைக்கக் கொடுத்திருந்த என் ஜாக்கெட் துணி அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதா, பாய் எடுத்துக்கொண்டு போனாரா என்பதுதான். நான் அப்படித்தான். வெள்ளம் வந்தாலும் வாளியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவள்.

அடுத்து நாகரத்தினம் வீடு போனது. அவள் கிளம்பும் முன் வாசலில் போட்ட கோலம் மட்டும் ஒரு நாள் தாமதித்து, இரண்டு வாசற்படிகளுக்கு நடுவில் நசுங்கி, ஒரே வெள்ளைக் கோடாக நின்றது. வெயில் ஏறியதும் அதுவும் போனது. வீடுகள் நெருங்க நெருங்க மேலே போகிற கரண்ட் கம்பிகள் தொய்ந்து தலைமேல் தொங்கின, லைன்மேன் வந்து உபரிக் கம்பியை வெட்டிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மாநகராட்சியிலிருந்து ஒருத்தர் டேப்போடு வந்து அளந்தார், டீ குடித்துவிட்டு மறுபடி அளந்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரியாகத்தான் இருந்தது. எங்கள் தெருவுக்குள் குறைந்த இடம் எங்கேயும் தொலைந்துவிடவில்லை. அது தெருமுனையில், ஸ்டேஷன் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், பெருக்கித் தண்ணீர் தெளித்தது போலச் சுத்தமான காலி மனையாக வந்து கிடந்தது. அதனால் வீட்டுச் சொந்தக்காரர்கள் யாரும் அழவில்லை. நேற்றுவரை சாக்கடைக்கும் உப்புக் கிடங்கின் மதிலுக்கும் நடுவில் கிடந்த அவர்கள் மனை இன்றைக்கு ரயிலடியில் இருந்தது. அதில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. ஒன்றில் காபிக் கடை, ஒன்றில் நாய்க்கு முடி வெட்டுகிற கடை, ஒன்றில் மாடியில் வரிசையாக ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிற கூடம். என் வீட்டுக்காரர் தாமோதரன் அந்தக் கூடத்தை அண்ணாந்து பார்த்து, "பாரேன் அமுலு, காசு கட்டி ஓடுறாங்க, எங்கயும் போகாம" என்று சிரிப்பார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும்.

தெரு அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பூக்காரி சரசா தெருமுனையில் "மல்லீ" என்று இழுக்கத் தொடங்கினால் முன்பெல்லாம் கிடங்கு மதில்வரை அந்த ஒரு இழுப்பு வரும். இப்போது இழுப்பு முடிவதற்குள் தெரு முடிந்துவிடுவதால் அவள் "மல்" என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகினாள். ஆடி மாதத்தில் அம்மன் ஊர்வலம் ஒவ்வொரு வாசலிலும் நின்று தீபாராதனை வாங்கி வரும்போது, பம்பைக்காரர் கை சூடாவதற்குள் அம்மன் மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. சாமியைத் திரும்பத் தெருமுனைக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை அழைத்து வந்தார்கள். எங்கள் தெருப் பெரியசாமி செத்தபோதுதான் கஷ்டமாக இருந்தது. பாடையைத் தூக்கி, சங்கு ஊதி, அவர் மனைவி முதல் ஒப்பாரியின் பாதிக்கு வருவதற்குள் பிணம் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. மிச்சத்தை அவள் காபிக் கடை வாசலில் நின்று அழுதாள், உள்ளே இருந்தவர்கள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டுத் தரகர் சந்தானம் தெருமுனையில் பலகை வைத்திருந்தார். மெட்ரோவுக்கு நடக்கும் தூரம் என்று முதலில் எழுதினார். நாலைந்து வீடு போனதும் அதை அழித்துக் கூப்பிடு தூரம் என்று எழுதினார். இன்னும் நாலைந்து போனால் கைக்கெட்டும் தூரம் என்று எழுதப் பெயின்ட் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஒரு வீட்டுக்கு வாடகை ஏறிய சேதி வந்தால் நாங்கள் எல்லோரும் அங்கே போவோம், மூட்டை கட்ட உதவுவோம், கட்டிப்பிடித்து அழுவோம். பொய் அழுகை இல்லை. ஆனால் திரும்பி வரும்போது யாராவது ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "இனிமே ஸ்டேஷனு இன்னும் கிட்ட" என்பாள், மற்றவர்கள் "அது ஒண்ணு" என்பார்கள். அதிகம் லாபம் எங்கள் வீட்டுக்குத்தான். தெருவின் கடைசியில், கிடங்கு மதிலை ஒட்டி இருந்தது எங்கள் வீடு. எந்த வீடு போனாலும் எங்களுக்குத் தூரம் குறையும். அந்தக் குறைகிற தூரத்தில்தான் என் வீட்டுக்காரர் உயிர் இருந்தது.

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ரயில் வந்ததும் ஆட்டோவுக்கு ஆள் குறைந்தது, அதே வருஷம் கிட்னியும் போனது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பஸ்ஸில் போனால் குலுக்கலில் வாந்தி எடுப்பார், ஊசி குத்திய கையில் யாராவது இடிப்பார்கள். ரயில்தான் அவருக்கு ஆகி வந்தது. லிப்டில் இறங்கினால் சில்லென்ற பெட்டி, உட்கார இடம், ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கம். ஆனால் ஸ்டேஷன்வரை நடந்தாக வேண்டும். எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றேன், பக்கத்து வீட்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள்.

"ஊரையே ஏத்தி எறக்குனவன் நான்" என்றார் அவர். "என்னிய தூக்கிக்கினு போறது ஒரு தடவதான், அது பொணமா. என்னிக்கு நடக்க முடியலியோ அன்னிக்கு ஆஸ்பத்திரி கெடையாது."

சொன்னால் சொன்னதுதான். பல் வலிக்குக்கூட டாக்டரிடம் போகமாட்டேன் என்று முகம் வீங்க உட்கார்ந்திருந்த ஆள் அவர். அதனால் மாசாமாசம் அவர் மூச்சு கொஞ்சம் குறைந்தது, தெருவும் கொஞ்சம் குறைந்தது, இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. எது முந்தும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாக இருந்தது. சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி பிழியும்போதும் அதுதான்.

எங்களுக்கு அடுத்த வீடு ஜெயசீலி அக்காவுடையது. வாடகை வீடுதான். புருஷன் இல்லை, ஒரே பையன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. சாயங்காலமானால் வாசலில் அடுப்பை வைத்துச் சங்கரா மீனும் நெத்திலியும் வறுத்து விற்பாள். ஒரே சுவர் எங்கள் இரண்டு பேருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரில் அவள் இரண்டு தட்டு தட்டினால் குழம்பு இருக்கிறதா என்று அர்த்தம், நான் ஒரு தட்டு தட்டினால் மனசு சரியில்லை என்று அர்த்தம். நான் ஒரு தட்டுதான் அதிகம் தட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் கரண்டியோடு வந்து, "இன்னாடி, இன்னிக்கு எது இடிஞ்சி வுழப்போவுது?" என்று கேட்பாள்.

ஸ்டேஷனிலிருந்து வரும்போது என் வீட்டுக்காரர் வழியில் இருக்கிற படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவார். கடைசிப் படி ஜெயசீலியுடையது.

"இன்னா அண்ணே, எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிற?" என்பாள் அவள்.

"ஷேர் ஆட்டோக்காரன் கை காட்டுன எடத்துல நிப்பான் சீலி."

"நான் எங்க கை காட்டுனேன்? மீன்தான் காட்டுனேன்."

உப்பில்லாமல் அவருக்கென்று தனியாக ஒரு துண்டு வறுத்து வைத்திருப்பாள். அதை நான் பார்க்காதது போல இருக்க வேண்டும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் ஒப்பந்தம்.

மீன் வாசனை கண்ணாடிக் கட்டடத்துக்குள் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். ஜெயசீலி இருந்த வீட்டின் சொந்தக்காரர் லோகநாதன் வாடகையை ஏற்றினார். அவளால் முடியாத அளவுக்கு ஏற்றினார். பையன் வந்து சாமானைக் கட்டினான். கிளம்புகிற அன்றைக்கு நான் அவள் வாசலிலேயே நின்றேன். அவள் போனால் அந்த வீடு போகும், அந்தச் சுவர் போகும், அவர் உட்காருகிற படி போகும், ஆனால் ஸ்டேஷன் ஒரு வீடு கிட்டே வரும். நான் அழுதேன், எதற்கு அழுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜெயசீலி மட்டும் அழவில்லை. எல்லாச் சாமானும் போன பிறகு ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் போய், அதைக் குட வரிசையில் வைத்தாள்.

தெருமுனையில் நின்று ட்யூப் போட்டுத் தண்ணீர் விடுகிற லாரி எங்களுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆள் நிற்காது, குடம் நிற்கும். குடம் இருந்தால் ஆள் இருப்பது போல. ஊருக்குப் போகிறவர்கள்கூடக் குடத்தை வரிசையில் விட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள், அவர்கள் குடத்தை வரிசையோடு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக்கிடங்குத் தெருவில் அடிதடி உண்டு, மண்டை உடைந்தது உண்டு, ஒருத்தி புருஷனை இன்னொருத்தி இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. ஆனால் அடுத்தவர் குடத்தை வரிசையிலிருந்து எடுத்தவர் என்று இன்றுவரை யாரும் கிடையாது.

"பையன் அடுத்த மாசம் வூட்டு ஓனர்கிட்ட பேசுறேன்றான்" என்றாள் ஜெயசீலி. "அதுவரைக்கும் என் எடத்த வுட்றாத அமுலு. தள்ளிக்கினே இரு."

மறுநாள் காலையில் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. திறந்தேன். ஜெயசீலி வீடு இருந்தது. பூட்டு தொங்கியது, படி இருந்தது, படியில் எண்ணெய்க் கறை இருந்தது.

செய்தி கேட்டுச் சந்தானம் ஓடி வந்தார். பூட்டை ஆட்டிப் பார்த்தார். "காலி பண்ண வீடுதானேம்மா இது? ஏன் இன்னும் நிக்குது?" என்று யாரோ வேலைக்கு வராதது போலக் கேட்டார்.

எதிர்வீட்டுக் குப்பம்மா பல் விளக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "கொடம் வரிசைல கீதுல்ல. அப்ப ஆளு கீது. ஆளு கீற வூடு எப்டிய்யா போவும்?"

எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. சந்தானத்துக்கும் சரியாகப் பட்டதுதான் அவருக்குக் கோபம்.

அதற்குப் பிறகு வாடகை ஏறிப் போகிறவர்கள் எல்லோரும் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். எவர்சில்வர் குடம், மூக்கு நெளிந்த குடம், பெயின்ட் டப்பா, எதுவானாலும் ஒன்று. மிச்சம் இருந்தவர்கள் அவற்றை நகர்த்தினார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளில் ஜெயசீலி குடத்தைக் குப்பம்மா நகர்த்தினாள், அவள் மறந்தால் அதற்குப் பின்னால் குடம் வைத்தவர் நகர்த்தினார். ஆட்களைவிடக் குடங்கள் அதிகமாகிவிட்டன. லாரிக்காரர் முதலில் சத்தம் போட்டார், பிறகு அவரும் எல்லாக் குடத்தையும் நிரப்பினார். இல்லாதவர்களின் தண்ணீரை என்ன செய்வது என்று பேசி, அவரவர் பூட்டிய வாசலில் தெளித்தோம். காலையில் தெரு முழுக்க ஈர வாசல்களாக இருக்கும், பாதியில் கதவு திறக்காது. ஒரு வீடும் போகவில்லை. சந்தானத்தின் பெயின்ட் டப்பா இறுகிப்போனது. தெருவில் எல்லோருக்கும் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது, எதிலோ ஜெயித்துவிட்டது போல. அவர்கள் தப்பில்லை. ஆனால் தெரு நின்ற இடத்தில் நின்றுவிட்டது, என் வீட்டுக்காரர் மூச்சு நிற்கவில்லை, அது குறைந்துகொண்டே வந்தது.

முன்பு மூன்று படியில் உட்கார்ந்து போனவர் ஐந்து படியில் உட்கார்ந்தார். பிறகு எல்லாப் படியிலும். பூட்டிய வீடுகளின் படி என்பதால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை, பாட்டிலை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாங்கள் போவதைத் தெரு பார்க்கும், பிறகு குடங்களைப் பார்க்கும், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காதது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் லோகநாதன் வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"அமுலு, அந்தப் பச்சைக் குடத்த எடுத்து உள்ள வச்சுக்க. நீ எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அவங்க உன்கிட்டதானே குடுத்துட்டுப் போனாங்க."

"அது தள்றதுக்குக் குடுத்ததுங்க. எடுக்கறதுக்கு இல்ல."

"நான் எனக்காகச் சொல்லல. தாமோதரன் நேத்து தெருப்பாதியில தல சுத்தி உட்கார்ந்துட்டாராமே? ஒரு வீடு குறைஞ்சா அவருக்கு எவ்வளவு சுளுவு. ஒண்ணு எடுத்தா மத்ததும் எடுப்பாங்க. நாலு வீடு குறைஞ்சா..."

"அப்ப நீங்களே எடுங்க."

அவர் தொட்டி பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவரும் இந்தத் தெருவில் பிறந்தவர்தான், அவர் அம்மாவும் இந்த வரிசையில் குடம் வைத்தவள்தான். "நான் எப்படிம்மா அடுத்தவங்க குடத்த..." என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் தொட்டிக்குப் போனேன். குடத்தின் கழுத்தில் கை வைத்தேன். தூக்கினால் கனமே இருக்காது, காலிக் குடம். வீட்டுக்குள் என் வீட்டுக்காரர் இருமுவது அங்கேவரை கேட்டது. தெரு அவ்வளவு குட்டையாகத்தான் இருந்தது, இருந்தும் அவருக்குப் போதவில்லை. கையை எடுத்துவிட்டு, முன்னால் இருந்த குடம் நகர்ந்திருந்த இடத்துக்குப் பச்சைக் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் செருப்பு மாட்டி, வாசலில் இறங்கி, ஜெயசீலி வீட்டுப் படியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டிலிருந்து அது எட்டிப் பிடிக்கிற தூரம். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழ முயற்சி செய்து மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வேணாம் அமுலு" என்றார்.

"இன்னிக்கு மட்டுமா?"

அன்று ஆஸ்பத்திரி இல்லை. மத்தியானத்துக்கு அவர் கால் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது.

ஜெயசீலி தினமும் போன் செய்வாள். எடுத்ததும் "கொடம் கீதா?" என்பாள், நான் "கீது" என்பேன், பிறகு "அண்ணன் எப்டி கீறாரு?" என்பாள், "நல்லா கீறாரு" என்பேன். அன்றைக்கும் முதல் கேள்விக்குக் "கீது" என்றேன். இரண்டாவதுக்கு வாய் வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வெயில் உச்சியில் ஜெயசீலி வந்தாள். நான் பார்த்தபோது அவள் எங்கள் வாசலுக்கு வராமல் நேராகத் தொட்டி அருகே நின்றிருந்தாள். காலையில்தான் லாரி வந்து போயிருந்தது, பச்சைக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, அவள் வாசலில் தெளிக்க எனக்குத்தான் அன்று நேரமில்லை. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"யக்கா, கீழ வை."

"என் கொடத்த நான் எடுக்கறேன். நீ யாருடி கேக்கறதுக்கு?"

"பையன் பேசறேன்னானே?"

"பேசிட்டான். அந்தாளு வாடகைய இன்னும் ஏத்திட்டாரு." சொல்லிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் அவள் படியில்தான் உட்கார்ந்திருந்தார். குடத்திலிருந்து டம்ளரில் கொஞ்சம் சாய்த்து அவரிடம் நீட்டினாள். அதற்குமேல் அவர் குடிக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும்.

"சீலி" என்றார் அவர். "எனக்கோசரம் எடுக்காத. நான் இன்னும் எத்தினி நாளைக்கு? உன் எடம் அது."

"ஆசையப் பாரு. உனக்கோசரம்னு யார் சொன்னா? அங்க நல்ல கொடமா ஒண்ணு இல்ல, அதான் எடுக்க வந்தேன்." மிச்சத் தண்ணீரைத் தன் வாசலிலேயே முழுசாகக் கவிழ்த்தாள். தண்ணீர் படியிலிருந்து இறங்கி அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. "செவ்வாக்கெழம ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போ அண்ணே. போவலன்னு கேள்விப்பட்டேன், வந்து இந்தக் கொடத்தாலயே போடுவேன்."

நான் ஸ்டேஷன்வரை அவளோடு போனேன். சாமான்களைச் சோதிக்கிற மிஷினில் குடத்தையும் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். எல்லோருடைய பைகளுக்கும் நடுவில் அது போனது, திரையில் வெறும் ஒரு வட்டமாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் வந்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து கொஞ்ச நேரம் நின்றாள். "இன்னாடி பாக்கற, போ, அண்ணன் தனியா கீறாரு" என்று என்னைத் திட்டிவிட்டுக் கால் வைத்தாள். முதலில் கால் மறைந்தது, பிறகு குடம், பிறகு தலை.

மறுநாள் காலையில் எங்கள் வீடும் ஜெயசீலிக்கு அந்தப் பக்கம் இருந்த மெக்கானிக் வீடும் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் சுவரில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் மனைவி, "இன்னா வேணும்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜெயசீலி எடுத்ததும் வரிசை கலைந்துவிட்டது. போனவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. வர முடியாதவர்கள் போனில் சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்து உள்ளே வைத்தார்கள். மூன்றே நாளில் பூட்டிய வீடுகள் எல்லாம் போய்விட்டன. சந்தானம் புதுப் பெயின்ட் வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தபோது ஸ்டேஷனின் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடந்தார். தண்ணீர் பாட்டிலை நான் திறக்கவேயில்லை. அவர் எங்கேயும் உட்காரவில்லை, உட்கார்ந்து பழகிய ஒரு படியும் இல்லை. லிப்ட் பொத்தானை அழுத்தக் கையை நீட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்டமா?"

"கிட்டதான இப்ப."

அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் வாசலில் நான் காயப்போட்ட துண்டு தெரிந்தது. அதில் இருந்த கிழிசல்கூடத் தெரிந்தது.

"அமுலு, கொஞ்சம் சுத்திப் போலாமா?"

மூச்சு வாங்கிச் சாகிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது. "எதைய்யா சுத்தறது? சுத்தறதுக்கு இன்னா கீது இங்க? லேட்டாவுது, வா" என்றேன். அவர் வரவில்லை. என் தோளைவிட்டுக் கையை எடுத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். "இது பாய் வூடு" என்றார் ஒரு அடிக்கு. "இது நாகரத்தினம். இது பெரியசாமி. இது அந்தச் சிரிச்ச மூஞ்சிக்காரி, பேரென்ன." எனக்கும் பேர் வரவில்லை. யோசித்துக்கொண்டே பின்னால் போனேன். எங்கள் வீட்டுச் சுவரும் மெக்கானிக் வீட்டுச் சுவரும் சேருகிற இடத்தில், ஒரு விரல் நுழையாத அந்த இடுக்குக்கு முன்னால், அவர் தரையில் உட்கார்ந்தார்.

கண்ணாடிக் கட்டடத்தின் காவலாளி வந்தார். வடக்கே எங்கிருந்தோ வந்த ஆள், எங்கள் வயசுதான் இருக்கும், மீசை நரைத்திருந்தது. தெரு சுருங்கியதில் கட்டடமும் கிட்டே வந்துவிட்டதால் அந்த இடமும் அவர் பொறுப்பு.

"இங்க நஹி அய்யா" என்றார். "இங்க நஹி."

என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "உக்காரலப்பா" என்றார் மரியாதையாக. "இது ஜெயசீலி வூடு. தட்டிக்கீறேன். மீன் அடுப்புல இருக்கும், அதான் லேட்டு. தொறந்துரும்."

காவலாளிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் காட்டிய சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் எங்களோடு நின்றார். எங்கள் காலுக்கடியில் ரயில் வந்து நிற்பது தெரிந்தது, கதவு திறப்பதும், கதவு மூடுவதும், அது கிளம்பி ஆஸ்பத்திரி பக்கம் போவதும்.